சனிக்கிழமை வகுப்பு

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒரே பேப்பரை நானும் ஒரு சாரும் பாதிப் பாதியாக நடத்தினோம். தனக்கு நேரமில்லை என்று அவர் சொன்னதால் அவருடைய பாதிக்கும் நோட்ஸ் தயாரித்தது நான்தான். தினமும் தாமதமாக வந்து அதை அப்படியே வாசித்துவிட்டுப் போவார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பின்தங்கியவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைத்ததும் நான்தான்.

செமஸ்டர் முடிந்ததும் மாணவர்கள் பெயர் போடாமல் எங்களுக்கு மார்க் போடுவார்கள். இந்த முறை நல்ல நோட்ஸ் கொடுத்ததற்காக அவருக்கு முழு மார்க். எனக்குப் பாதிதான். ‘மேடம் சிரிக்கவே மாட்டாங்க’ என்று ஒரு குறிப்பு வேறு. பையன்கள் வேலையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து படிக்க வரும் ஒரு மாணவி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அக்கா நிக்காஹ் என்று அவள் வராமல் விட்ட பாடங்களையெல்லாம் சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“பொண்ணுங்க நாங்களும் அப்படித்தான் போட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க மேடம்” என்றாள், நான் கேட்காமலே.

“சாரும்தான் சிரிக்க மாட்டாரு” என்றேன்.

“அவரு சார், அப்படித்தான் இருப்பாரு. நீங்க அம்மா மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சோம்.”

குரலில் துளிகூடக் கூச்சமில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“அடுத்த செமஸ்டருக்கும் சனிக்கிழமை கிளாஸ் இருக்குங்களா மேடம்?”

“சாரைப் போய்க் கேளு” என்றேன்.