குறிப்புரை: ஏதுமில்லை

செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில் ஒரு கூட்டுரோடு இருக்கிறது. அங்கே விபத்தே நடப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதே வாரம் அங்கே நடந்த விபத்து ஒன்றை என் கண்ணால் பார்த்திருந்தேன். அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

சாலைப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகர் என்று சொல்லி அவ்வப்போது கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஒரு பெருமை இருக்கும். அப்படி வந்ததுதான் இந்த வேலையும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரை, கிராமச் சாலைகள் வந்து நெடுஞ்சாலையில் ஏறும் பன்னிரண்டு இடங்களைப் பார்த்து, எச்சரிக்கைக் கருவிகளை எங்கே முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். கருவி எளிமையானதுதான். பக்கச் சாலையிலிருந்து ஒரு வண்டியோ ஆளோ வந்தால் அங்கிருக்கும் சென்சார் கண்டுகொள்ளும். உடனே நெடுஞ்சாலையில் இருபுறமும் மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கும். வேகமாக வருகிறவன் காலைப் பிரேக்கில் வைப்பான். பன்னிரண்டு இடத்துக்கு ஐந்து கருவிகள்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஏழு இடங்கள் காத்திருக்க வேண்டும்.

எவை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு மதிப்பெண் அட்டவணை இருந்தது. அது நானே வகுத்தது. வாகன எண்ணிக்கைக்கு இவ்வளவு, பார்வை மறைப்புக்கு இவ்வளவு, மின்வசதிக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் விட அதிகமாக, பதிவான விபத்துகளுக்கு. இதில் யாருடைய சிபாரிசும் நுழைய முடியாது என்று கூட்டங்களில் சொல்லிக்கொள்வேன்.

நான் சொல்லும் கூட்டுரோட்டில், கிராமச் சாலை முடியும் இடத்தில் யானை படுத்ததுபோல ஒரு பாறை இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கிழக்கேயிருந்து வரும் வண்டி தெரியாது. வண்டிக்காரனுக்கும் இவர்கள் தெரியாது. பாறையின் நிழலில் ஒரு பெண் டீக்கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள் திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பஸ் ஏறுவாள்.

கணக்கெடுப்புக்காக அந்தக் கடை பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமி வராத வாரமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். பௌர்ணமியன்று கிரிவலத்துக்குப் போகும் வண்டிகளால் சாலை நிரம்பி வழியும். அது வழக்கமான நிலை இல்லை என்பது எங்கள் துறையில் ஒரு கணக்கு. மாதம் தவறாமல் வருவதை வழக்கமில்லாதது என்று எப்படி எழுதினோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். ஒரு இளைஞன், கொத்தனார், மோட்டார் சைக்கிளில் பாறையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினான். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை மூட்டை ஏற்றி வந்த மினி லாரி அவனைத் தட்டிவிட்டது. அவன் முழங்கால் இருந்த கோலத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. கூட்டம் கூடியது. லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்து, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன், கேஸ் மட்டும் வேண்டாம் என்றான். கொத்தனார் என்னைப் பார்த்தான். பேன்ட் சட்டை போட்டு, கையில் தாள் செருகிய பலகை வைத்திருந்த ஆள் அங்கே நான் ஒருவன்தான்.

"சார், நீங்க சொல்லுங்க சார். ஸ்டேஷனுக்குப் போவணுமா?"

"லைசென்ஸ் இருக்கா?" என்றேன்.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அப்ப கேஸ் உன் மேலதான் திரும்பும். பேசி முடிச்சுக்க."

அவன்மேல் இருந்த அக்கறையில் நான் அப்படிச் சொல்லவில்லை. கேஸ் ஆனால் முதல் சாட்சி நான். விசாரணை, கோர்ட் என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும். திங்கட்கிழமை பட்டியலைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். எறும்பு மேல் கால் படாமல் நடக்கச் சொல்லி, இருட்டுவதற்குள் சோறு போட்டு வளர்த்த மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்தில் பிறந்தவன் நான்.

கூட்டம் கலைந்ததும் டீக்கடைப் பெண் துடைப்பத்தோடு சாலையில் இறங்கினார். உடைந்த கண்ணாடி, சிவப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் சில்லுகள், எல்லாவற்றையும் கூட்டி எடுத்து ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டார். டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"இன்னாத்துக்கும்மா சேத்து வைக்கிற?"

"ரோட்லயே வுட்டா சைக்கிள்ல போற புள்ளைங்களுக்குப் பஞ்சர் ஆவுது சார். குப்பையில போட்டா மாடு தின்னுடுது. வேற எங்க போட?" என்றவர் டப்பாவை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். "இது ரெண்டாவது டப்பா. இன்னும் கொஞ்சம் சேந்தா நானே ஒரு வண்டி ஜோடிச்சிடுவேன்."

"இதுல எதுவுமே கேஸ் ஆவலையா?"

"எவன் சார் கேஸ் போடுறான்? ஒருத்தனுக்கு லைசென்ஸ் இல்ல, ஒருத்தனுக்கு இன்சூரன்ஸ் இல்ல. எல்லாம் இதே பெஞ்சுல குந்திப் பேசி முடிக்கிறதுதான். டீ நம்ம கடை." பிறகு சிரிப்பு போய்விட்டது. "லைட்டு வந்துடும் இல்ல சார்? பொண்ணு டெய்லி கிராஸ் பண்ணுது. அது பஸ்ல ஏறுற வரைக்கும் எனக்கு அடுப்புல பால் பொங்குறதுகூடத் தெரியாது."

"வரும்மா" என்றேன்.

ஞாயிறன்று பட்டியலை முடித்தேன். பதிவான விபத்துகள் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம். போலீஸ் பதிவேட்டின்படி அது சரிதான். பக்கத்தில் குறிப்புரை என்று ஒரு கட்டம். அதில் எழுதியிருக்கலாம், நான்கு வரி போதும். ஆனால் இந்த ஒரு பூஜ்ஜியம் பொய்யென்றால் மற்ற இடங்களின் எண்களும் பொய்யாக இருக்கலாம். என் அட்டவணை மொத்தமும் ஆட்டம் காணும். ஏதுமில்லை என்று எழுதினேன். அந்தக் கூட்டுரோடு ஆறாவதாக வந்தது. ஐந்தாவது இடம், செஞ்சிக்கு மேற்கே ஏரிக்கரைத் திருப்பத்துக்குப் போனது.

ஐந்து இடங்களிலும் மஞ்சள் விளக்குகள் மின்னத் தொடங்கின. நான் குடியிருக்கும் செஞ்சியிலிருந்து சொந்த ஊருக்கு பஸ்ஸில் போகும்போது அந்த டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் பஸ் நின்றபோது அவர் ஜன்னலோரம் வந்துவிட்டார்.

"இன்னா சார், நம்ம லைட்டு வழி தெரியாம வேற ஊருக்குப் பூட்ச்சா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த கட்டத்தில் வரும் என்றேன். அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் மறுபக்க சீட்டில் உட்காரப் பழகிக்கொண்டேன். தினசரிக் காலண்டரில் பௌர்ணமி என்று சிவப்பில் அச்சிட்ட தாள் வரும் நாட்களில் காலையிலிருந்தே எந்த வேலையும் ஓடாது. மறுநாள் அந்தத் தாளைக் கிழித்த பிறகுதான் சரியாகும். இப்படி எட்டு, ஒன்பது பௌர்ணமி கழிந்தது.

அடுத்த பௌர்ணமியன்று பிற்பகல், கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தராசைப் பார்த்தபடியே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாறைக்கிட்ட டீக்கடை வச்சிருந்துச்சே, அந்தம்மாவ வேன் அடிச்சிடுச்சாம்."

ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்: முதலில் ஒரு சின்ன விபத்து, ஸ்கூட்டரும் காரும் உரசியிருக்கின்றன. இரண்டு பேரும் சமாதானமாகிப் போய்விட்டார்கள். டீக்கடைப் பெண் வழக்கம்போலத் துடைப்பத்தோடு இறங்கிக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கிரிவலத்துக்குப் போகும் வேன் வந்திருக்கிறது.

நான் போனபோது உடலை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பெஞ்சில் உறவினர்களும் வேன்காரரின் ஆட்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் வேலை உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"போன உசுரு வரப்போறதில்ல பாப்பா. கோர்ட்டு கேஸுன்னு நீ ஒண்டியா அலைவியா?" என்றார் அவள் பெரியப்பா.

"அலையறேன்" என்றாள். "இதே பெஞ்சுல எத்தினி பேரு பேசி முடிச்சீங்க பெரிப்பா? எங்கம்மாவையும் பேசி முடிச்சிட்டா இந்த ரோட்ல நடந்தது யாருக்குத் தெரியும்?"

நான் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன். அன்று மாலை அவள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். அந்த இடத்தின் முதல் பதிவு அவளுடைய அம்மாதான்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனாரிடம் பேசியதை, பூஜ்ஜியத்தை, குறிப்புரையை. குரல் உயர்த்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய் இரண்டு பெயிண்ட் டப்பாக்களையும் எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள்.

"எங்க ஒண்ணுமில்லன்னு எழுதினீங்களோ அங்கயே எடுத்துனு போங்க சார்."

எடுத்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த அதிகாரி என் மகளைவிட இளையவர். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நான் நம்புறேன். ஆனா டப்பாவுக்கு எப்படி மார்க் போடுறது? நீங்க போட்ட டேபிள்தானே?"

என் கணக்கெடுப்பு தவறு, தெரிந்தே மறைத்தேன் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது போதாது, அடிபட்டவர்களின் வாக்குமூலமும் வேண்டும் என்றார். கிராமத்தில் வீடு வீடாக ஏறினேன். பலர் கதவைத் திறக்கவில்லை. கொத்தனார் திறந்தான். அவன் கால் வளைந்தே கூடியிருந்தது. சாரம் ஏற முடியாததால் கலவை போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்றான்.

"அன்னைக்கு முடிச்சுக்கன்னு சொன்ன வாயும் இதேதானா சார்?"

"இதேதான்."

அவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டான். அவன் வந்து எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் எட்டுப் பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

பட்டியலைத் திருத்தினார்கள். கூட்டுரோடு முதலிடத்துக்கு வந்தது. மூன்று மாதத்தில் விளக்கு வந்துவிட்டது. முதல் நாள் காலை நான் போய் நின்றேன். டீக்கடைப் பெண்ணின் மகள் பாறையைத் தாண்டி வந்தாள். இரண்டு பக்கமும் மஞ்சள் மின்னியது. கிழக்கேயிருந்து வந்த லாரி வேகம் குறைந்தது. அவள் கடந்து போய் பஸ் ஏறினாள். என்னைப் பார்த்தாள். தலையசைக்கவில்லை.

புதுக் கருவி வாங்க அனுமதி கிடைக்கவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். ஐந்து என்றால் ஐந்துதான். திருத்திய பட்டியலில் ஏரிக்கரைத் திருப்பம் ஆறாவதாகிவிட்டது. அங்கிருந்த கம்பத்தைத்தான் கழற்றிக் கொண்டுவந்து பாறை ஓரத்தில் நட்டிருக்கிறார்கள்.

ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் மேடையில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. எதிரே ஒரு பஞ்சர் கடை. இங்கே விபத்து நடக்குமா என்று கேட்டேன்.

"விளக்கு இருந்தவரைக்கும் இல்ல பெரியவரே. இப்ப ஒண்ணு ரெண்டு. பெருசா ஒண்ணும் இல்ல, பேசி முடிச்சிடுவோம்" என்றார் கடைக்காரர், டயரைத் தண்ணீரில் அமுக்கியபடி.

சாலையோரம் ஒரு சிவப்புச் சில்லு கிடந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் குறிப்புரை என்று தலைப்பிட்டு எழுதினேன். சில்லையும் உறைக்குள் வைத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். உறைக்குள் வைக்கச் சில்லு கிடைக்காமல் போகவில்லை.

வரும் வியாழக்கிழமை பௌர்ணமி.