மச்சான் கொண்டு வந்த பூட்டு

அந்த வருஷம் ஐப்பசி மழை முழுக்க நான் ஜெபத்தில் முழங்காலில்தான் கிடந்தேன். மகள் ரோசலிக்கு நிறைமாதம். முதல் பிள்ளையை, கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு டோலியில் தூக்கிப் போகிற வழியிலேயே இழந்தவள் அவள். இந்தத் தடவை எங்கள் காலனியிலேயே நர்சம்மா இருக்கிறார் என்று தைரியமாக இருந்தோம். அந்த நர்சம்மாவையே வெளியேற்றப் போகிறார்கள் என்றால் தகப்பன் மனசு என்ன பாடுபடும்?

வெளியேற்றப் போனது எங்கள் சங்கம்தான். நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் வந்த சனம். அங்கே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூடக் கங்காணியிடம் கேட்க வேண்டும். இந்த மலைக்கு வந்துதான், கல் சுமந்து, எங்களுடையது என்று ஒரு மன்றம் கட்டினோம். அதை நர்சம்மா இருந்து வைத்தியம் பார்க்கச் சுகாதார இலாகாவுக்குக் குத்தகைக்கு விட்டோம். கெடு முடிந்தும் அவர்கள் காலி செய்யவில்லை. கல்யாணமும் துக்கமும் மழையில் நனைந்தே நடந்தன. வழக்குப் போட்டோம். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

சங்கத் தலைவர் என் மனைவியின் அண்ணன், அந்தோணி மச்சான். அவரிடம் கெஞ்சினேன்.

"பிள்ள பெத்து எந்திரிக்கட்டும் மச்சான். அப்புறம் பூட்டுங்க."

"இன்னைக்கு ஒம் மக, நாளைக்கு இன்னொருத்தன் மக. இப்படியே போனா நம்ம கட்டடத்துல நாமளே விருந்தாளிய்யா. தொரமாருக்குக் குனிஞ்சது போதாதா?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் என் வேதனை. தீர்ப்பை மாற்றும் என்று ஆண்டவரிடம் கேட்க வாய் வரவில்லை. அந்தச் சுவரில் நான் சுமந்த கல்லும் இருக்கிறதே. "வழி தெரியல அப்பா, நீரே பாரும்" என்று மட்டும் அழுதேன்.

பூட்டுப் போடுகிற அன்று வெள்ளனே ரோசலிக்கு வலி கண்டது. கம்பளியில் சுற்றி நர்சம்மாவிடம் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் மச்சான் பூட்டோடு, ஆட்களோடு வந்து நின்றார். நர்சம்மா தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அண்ணே, உள்ள சோலி கெடக்கு. பூட்டுறதுன்னா என்னையும் சேத்துப் பூட்டுங்க."

கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. மழைச் சத்தம். அப்புறம் பிள்ளையின் அழுகை.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம், கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. பிள்ளை பிறந்த வாசலைத் தீட்டுக் கழியும்வரை ஆண்பிள்ளை மிதிக்கமாட்டான். தாயையும் பிள்ளையையும் இடம் மாற்றமாட்டார்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே காம்பராதான். அப்போதுகூட ஆம்பளைகள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் குளிரில் படுத்துக் கிடப்போம். வாசற்படியில் வைத்த காலை மச்சான் எடுத்துவிட்டார்.

"பெத்தவ கெடக்குற கதவுக்கு எவன்யா பூட்டுப் போடுவான்?"

"தாய்மாமன் சீரு பூட்டாக்கும்!" என்று ஒரு பொம்பளை சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

தீட்டுக் கழிவதற்குள் இலாகா அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரையும் உள்ளே விடவில்லை. அதுவரை வக்கீல் மூலமாகவே பேசிய அவரும் மச்சானும் மன்றத்து இஸ்தோப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. பின்பக்க அறைகள் நர்சம்மாவுக்கு, முன்கூடம் சங்கத்துக்கு என்று புதுக் குத்தகை பேசி முடித்தார்கள்.

பூட்டைத் தடுக்க வேண்டுமென்றே மகளைக் கொண்டுபோய்ப் போட்டேன் என்று மச்சான் வெகுகாலம் என்னோடு பேசவில்லை. அவருக்காகவும் ஜெபித்தேன். பேத்தியின் ஞானஸ்நானத்தன்று கடைசி வரிசையில் வந்து நின்றார். பிள்ளையை வாங்கி, திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் வைத்துக்கொண்டார். ஸ்தோத்திரம்.

இப்போதெல்லாம் இப்படிச் செய்யும், அப்படிச் செய்யும் என்று ஆண்டவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை. உங்கள் வாசலிலும் யாராவது பூட்டோடு நிற்கலாம். அவருக்காகவும் சேர்த்து முழங்காலில் நில்லுங்கள். வழியை ஆண்டவர் பார்ப்பார்.