ஆரோக்கியமான நடைக்கு உதாரணம்

என் மனைவி காஞ்சனாவுக்கு முதலில் வந்தது இடது தோள் வலி. உறைந்த தோள் (மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவது) என்று நானே முடிவு செய்து வலி மாத்திரை கொடுத்தேன். வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது என்ன கவலை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேங்கிக்காலில் என் கிளினிக். தொண்ணூறுகளின் கடைசியில், குடும்ப மருத்துவம் பழக மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர் என்னிடம் வருவார்கள். ஸ்கேன் இல்லாத ஊரில், கண்ணையும் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியலையும் மட்டும் வைத்து நரம்பு நோய்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான். முதல் வகுப்பில் காஞ்சனாவை நடக்கச் சொல்லி, ஆரோக்கியமான நடைக்கு உதாரணமாகக் காட்டுவேன்.

ஒருமுறை விமலா என்ற மாணவி தயங்கித் தயங்கி, "சார், மேடத்துக்கு லெஃப்ட் கை வீசவே இல்லியே?" என்றாள்.

"அது தோள் வலிம்மா. நல்லா இருக்கறவங்ககிட்ட போய் நோயத் தேடாத," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். காஞ்சனாவும் சிரித்தாள்.

அதன்பிறகு கிரிவலத்தில் காஞ்சனா பின்தங்க ஆரம்பித்தாள். நான் கிண்டல் செய்துகொண்டே முன்னால் போனேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, டிவி பார்த்துக்கொண்டிருந்தவளின் மடியில் சும்மா கிடந்த இடது கை தானாக ஆடியது. மறுநாளே வேலூருக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே நரம்பியல் மருத்துவர் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். பார்க்கின்சன் நோய் (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து, உடல் இறுகி, அசைவு மந்தமாவது). தோள் வலியும் வீசாத கையும் அதன் முதல் அறிகுறிகள்.

"கை எப்பலேர்ந்து இப்படி ஆடுதும்மா?" என்று கேட்டார்.

"ஒன்றரை வருஷம் இருக்கும் டாக்டர். ஆடுச்சுன்னா முந்தானைக்குள்ள வச்சிக்குவேன்."

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முன்பே தெரிந்திருந்தாலும் நோய் நின்றிருக்காது என்று அவர் என்னைத் தேற்றினார். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அவளால் மறுபடி பூத்தொடுக்க முடிந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் கூசியது. முன்பே மாத்திரை கொடுத்திருந்தால் இத்தனை நாளும் தொடுத்திருப்பாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"புள்ளைங்க எதிர்ல எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணு சொன்னது சரின்னு ஆயிட்டா, உங்களுக்குத்தானங்க அசிங்கம்?"

விமலாவின் முகவரியைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். காஞ்சனாவிடம் அப்படி எழுதிக் கேட்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நாள் என்பது ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரைதான். இடையில் மருந்தின் வேகம் குறையும்போது, ரவிக்கைக் கொக்கி மாட்டவே அவளுக்கு நெடுநேரம் ஆகிறது. கிளினிக்கில் கூட்டம் இருந்தாலும் காத்திருக்கிறேன். "கை எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள்.