நண்டு வலைக்குப் பதிலாக ஒரு வங்கிப் புத்தகம்

“காசும் மீனும் ஒண்டுதான் பிள்ளை. கனநாள் வைச்சா நாறும்.”

அப்பா இதைச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த மஞ்சள் உண்டியல். படிக்காத மனிதர், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எட்டு வயதிலேயே அதற்கான கொழுப்பு வந்துவிட்டது. இன்னும் முழுதாகக் கரையவில்லை என்பதையும் உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் நான் படிப்பிக்கும் பள்ளிக்கு ஒரு வங்கியிலிருந்து பெட்டி வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உண்டியல்கள். திறந்ததும் புதுப் பிளாஸ்ரிக் மணம். சேமிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிக் கொடுக்கும்படி அதிபர் சொல்லியிருந்தார். கொடுத்து முடித்ததும் முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி தன்னுடையதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், இது நிரம்பினா சைக்கிள் வாங்கலாமோ?” என்று கேட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த திகதியின் கீழே அதே திகதியை இன்னொரு முறை எழுதினேன்.

என் உண்டியலில் அந்தப் புது மணம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பள்ளி விட்டதும் குருநகரில் அம்மா இறால் உரிக்கும் கொட்டிலுக்குப் போய் உதவி செய்வேன். அம்மா தரும் குற்றிக்காசில் இறால் மணம் ஏறும். வங்கிக்குக் கொண்டுபோகும் முன் அவற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைப்பேன். “என்னடி, காசுக் கருவாடு போடுறியோ?” என்பார் பக்கத்து வீட்டு மாமி. அப்பா என்னை மனேச்சர் என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். இவ்வளவு கழுவியும் வங்கியில் காசு எண்ணுபவர் கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொள்வார். நான் கவனிக்காத மாதிரி நிற்பேன். புத்தகத்தில் என் பெயர் அல்லவா எழுதியிருந்தது.

அப்பாவின் சேமிப்பு வேறு மாதிரி. நண்டு நன்றாகப் பட்டுக் கையில் காசு மிஞ்சினால் புது வலை வாங்கிவிடுவார். நண்டு வலை சில மாதங்களில் கிழிந்துபோகும் சாமான். அதனால் கூரை மரத்தில் எப்போதும் மூன்று நான்கு புதுத் துண்டுகள் தொங்கும். காற்று விடாமல் அடித்துக் கடலுக்குப் போகமுடியாத நாட்களில் அதில் ஒன்றை விற்று அரிசி வாங்குவார். எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். எனக்கோ அதைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

நான் கல்வியியற் கல்லூரி முடித்துவிட்டு நியமனத்துக்காக வீட்டிலிருந்த வருடம், நண்டு அள்ளிப் பட்டது. வலை வாங்கவென்று அப்பா ஒரு கட்டுத் தாள்காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் விடவில்லை. தங்கை டிலக்சிக்கு அப்போது பதினொரு வயது. அவள் பெயரில் சிறுவர் சேமிப்பில் போடுவோம், பதினெட்டு வரைக்கும் ஒருவரும் தொட ஏலாது, படிப்புக்கு ஆகும், வலை கிழியும் காசு கிழியாது என்று ஒரு மணித்தியாலம் பாடம் நடத்தினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு காசுக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

“நீ படிச்சனி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

இந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் இத்தனை வருடம் படித்தேன் போலிருந்தது.

அடுத்த வருடம் நாட்டுக்கு வந்த பொருளாதார நெருக்கடி உங்களுக்கும் தெரியும். பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வலையின் விலை மூன்று மடங்கு. அப்பா இருந்த வலையையே கட்டிக் கட்டிப் பாவித்தார். கடைசியில் அதில் நூலைவிட முடிச்சு அதிகம். நான் வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கோபப்படவில்லை. விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்பாவின் கைநாட்டுக்கு மேலே, பதினெட்டு வயதுவரை எடுக்கமாட்டோம் என்ற இடத்தில், என் வடிவான எழுத்து. பிள்ளையின் வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க அல்லது படிப்புக்கு என்றால் கடிதம் தரலாம், வலைக்கு முடியாது என்றார்.

“சேர், வலைதான் இவளின்ரை படிப்பு.”

அவர் கடதாசியைத் திரும்பக் கோவைக்குள் வைத்தார்.

முதலில் எஞ்சின் விலைக்குப் போனது. பிறகு படகு. ஐம்பத்தாறு வயதில் அப்பா இப்போது இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாய் காட்டியாவது தப்பியிருப்பேன். மனேச்சர் என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

டிலக்சிக்கு இப்போது பதினாறு. உண்டியல் கொடுத்த அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அவளுடைய வங்கிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அக்கா, பதினெட்டிலை உந்தக் காசுக்கு என்ன வரும்?”

வட்டியோடு சேர்த்துப் பார்த்தேன். காசைப் போட்ட அன்றைக்கு அப்பா அதில் பன்னிரண்டு துண்டு வலை வாங்கியிருப்பார்.

“நாலு துண்டு நண்டு வலை” என்றேன்.

“பகிடி விடாதை.”

இறால் கொட்டில் மூடிக் கனகாலம். கரையில் எங்கள் படகு நின்ற இடத்தில் வேறொருவரின் படகு நிற்கிறது. கூரை மரத்தில் கயிறு தேய்த்த தடம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

சென்ற மாதம் சம்பளம் வந்த சனிக்கிழமை டிலக்சியையும் கூட்டிக்கொண்டு பட்டணத்து வலைக்கடைக்குப் போனேன். கண்ணிக்குள் விரல் விட்டு அளவு பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு கடலோடியின் மகளாக அதைக் கடைக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். இரண்டுபேரும் பழகினோம். ஒரு துண்டு வாங்கினோம். வீட்டில் அப்பா பொதியைப் பிரிக்காமல் வெளியாலேயே தடவிப் பார்த்தார்.

“படகில்லாமல் உது என்னத்துக்குப் பிள்ளை?”

பொதியை வாங்கிக் கூரை மரத்தில் அந்தத் தடத்தின் மேலேயே கட்டித் தொங்கவிட்டேன். இந்த மாதமும் போய் ஒரு துண்டு வாங்கிவிட்டேன். விலை இருநூறு ரூபாய் கூடியிருந்தது.