ஓரகத்தி கழற்றிய பூட்ஸ்

சென்சியின் நெஞ்சில் ஒரே ஒரு ஆசைதான் எரிந்துகொண்டிருந்தது. ஓரகத்தி ஹெட்விக் மறுபடியும் பனியில் மண்டி போட்டுத் தன் பூட்ஸைக் கழற்ற வேண்டும். மாதாவிடம்கூட அதைத்தான் கேட்டாள். பாதிரியாரிடம் மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் ஊர்ப் பெண்களின் பனிச்சறுக்குப் பந்தயத்தில் அப்படி ஒரு வழக்கம். இரண்டாவதாக வந்தவள், ஜெயித்தவளின் பூட்ஸை மண்டியிட்டுக் கழற்றிவிட வேண்டும். ஊரே சூப் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். மாடு கறக்கிற சென்சி, சறுக்குப் பலகையில் ஏறிவிட்டால் காற்று. முன்பெல்லாம் வருஷா வருஷம் அவள் காலடியில் மண்டியிட்டது பூட்ஸ் கடைக்கார ஹெட்விக்தான். சிரித்துக்கொண்டேதான் கழற்றுவாள். உள்ளே வயிறு பற்றி எரியும்.

சென்சிக்குப் பிள்ளை பிறந்தது. பழைய பூட்ஸும் விரிசல் விட்டிருந்தது. புதுசு வாங்க ஹெட்விக் கடைக்கே போனாள்.

"பிள்ளை பெத்தா கால் அகலமாயிடும்டி, இதைப் போடு" என்று ஒரு ஜோடியை மாட்டிவிட்டாள் ஹெட்விக். "சுகமா இருக்கா?"

"மெத்தை மாதிரி இருக்குக்கா!"

கடைக்குள் நடக்கச் சுகமாக இருக்கிற பூட்ஸ் மலையில் காலை வாரும். அது ஹெட்விக்குக்கு நன்றாகத் தெரியும். சென்சியோ சொந்தக்காரி வாயை நம்பினாள். அந்த வருஷம் ஒவ்வொரு வளைவிலும் பலகை தாமதமாகத் திரும்பியது. இரண்டாவதாக வந்து மண்டியிட்டாள்.

"மெதுவாடி, பிள்ளை பெத்த உடம்பு" என்றாள் ஹெட்விக், ஊர் கேட்க. ஊரும் சிரித்தது.

அடுத்த வருஷமும் அதே கதை, அதற்கடுத்த வருஷமும் அதே சிரிப்பு. தன் உடம்புதான் போய்விட்டது என்று சென்சி மாட்டுத் தொழுவத்தில் அழுதாள். கால் நகங்கள் கறுத்து விழுந்தபோதுதான் மலைக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சரிசெய்யும் வென்டலினிடம் போனாள். அவன் உள்ளிருந்த பஞ்சுறையை உருவிவிட்டு, பூட்ஸின் கெட்டியான வெளி ஓட்டுக்குள் அவள் காலை வைத்துக் குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தான்.

"யம்மா, ஒரு விரல் போனாலே பந்தயத்துக்கு அதிகம். இதுல என் கையே போகுது. உன் காலோட உன் மாமியார் காலையும் சேர்த்து அளந்தாங்களா? கால் உள்ள ஓடி ஓடித்தான் நகம் போயிருக்கு."

"பிள்ளை பெத்ததால கால் அகலமாயிடுச்சுன்னு..."

"யார் சொன்னா? பழைய அளவேதான் இருக்கு."

சென்சி அந்தப் பூட்ஸைத் தள்ளி வைத்தாள். "இறுக்கமா ஒண்ணு குடு. உசுரு போற மாதிரி" என்றாள்.

கணுக்கால் எலும்பு இடிக்கிற இடத்தில் மட்டும் சூடு காட்டிப் புடைக்க வைத்துக் கொடுத்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அதை மாட்டிக்கொண்டேதான் உருளைக்கிழங்கு உரித்தாள், கொழுக்கட்டை உருட்டினாள். வலிக்கும்போதெல்லாம் ஹெட்விக்கின் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்தாள். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பந்தயத்தன்று அவள் நினைத்ததும் பலகை திரும்பியது. கடைசி வளைவு முடியும்போதே, தான் இரண்டாமிடம்தான் என்று ஹெட்விக்குக்குத் தெரிந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து சென்சி காலை நீட்டினாள். ஹெட்விக் மண்டியிட்டாள். கொக்கிகளை அவிழ்த்து இழுத்தாள், பூட்ஸ் அசையவில்லை. சென்சி வேண்டுமென்றே பாதத்தை விறைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைத் தளர்த்துடி, வர மாட்டேங்குது!"

"பிள்ளை பெத்த காலில்லையாக்கா? அகலமாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் சென்சி, ஊர் கேட்க. "வென்டலின் அளந்து பார்த்தான். அகலமா இருந்தது நீங்க வித்த பூட்ஸ்தான்."

சூப் குடித்துக்கொண்டிருந்தவர்களின் கரண்டிகள் நின்றன. ஹெட்விக் குனிந்த தலை நிமிராமல் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். பூட்ஸ் படக்கென்று கழன்றுவர, பனியில் மல்லாந்து விழுந்தாள்.

சென்சி அவள் எழுந்து உட்காரும்வரை காத்திருந்து, அடுத்த காலை நீட்டினாள்.