குழாயில் விழாத சொட்டு

பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் வேலையே சொட்டு விடுவதுதான். இரத்தத்தின் வெள்ளையணுக்களில் பல, பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எது எந்த வகை என்பதை அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள்தான் காட்டிக்கொடுக்கும். சிடி மூன்று, சிடி பத்தொன்பது, சிடி இருபது என்று அவற்றுக்கு எண்கள். அந்தந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கிற, ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடித் திரவத்தை, இரத்தம் உள்ள குழாயில் ஒரு சொட்டு விட்டு மெஷினில் கொடுத்தால், பிடிபட்ட அணு லேசரில் மின்னும்.

சொட்டு விட்டதும் குழாயைத் தாங்கியில் ஒரு துளை முன்னால் நகர்த்தி வைப்பாள். எது முடிந்தது என்பதற்கு அதுதான் அவளுக்கு அடையாளம்.

அன்று காலை, பாதி வேலையில் தங்கை போன் செய்தாள்.

"அப்பா மறுபடி செருப்பில்லாம கிளம்பிட்டாருக்கா. ஆபீஸுக்கு லேட்டாச்சாம்."

"இன்னிக்கு லீவுன்னு சொல்லு."

"நேத்தும் அதான் சொன்னேன். ரிட்டயரானதே அவருக்கு ஞாபகமில்ல. எத்தன நாளைக்குத்தான் லீவு விடறது?"

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி பதில் சொன்னாள். கை பாட்டுக்குக் குழாய்களை நகர்த்திக்கொண்டிருந்தது.

மதியம் ஒரு மணிக்கு, மெஷின் தந்த படங்களைக் கோப்பில் வைக்கும்போதுதான் பார்த்தாள். ஓர் அம்மாவின் இரத்தம். பி செல் என்கிற வகை வெள்ளையணுக்கள் நோயுற்று, பெரிய மேகமாகத் திரண்டிருந்தன. அவற்றில் சிடி இருபது இல்லை என்று காலையிலேயே அறிக்கை போய்விட்டது. அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு. புரதம் இல்லையென்றால் மருந்தும் இல்லை. ஆனால் மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி நல்ல பி செல்கள் இருந்தன. அவற்றில் சிடி இருபது இல்லாமல் இருக்காது. அவையும் மின்னாமல் வெறுமையாக நின்றன.

மெஷினைப் பார்த்துக்கொள்பவரிடம் படத்தை நீட்டினாள்.

"நல்ல செல்லும் மொட்டையா நிக்குது, பாருங்க."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "சொட்டு விடாமலே நகர்த்திட்டீங்க போல."

"ஆமா."

"டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே யாருக்கா இதப் பிரிச்சுப் பாக்கப் போறா?"

"நான் பாத்துத் தொலைச்சுட்டேனே."

வார்டுக்குப் போன் போட்டாள்.

"மூணு மணிக்கு மருந்து ஏத்தறோம்" என்றார் நர்ஸ். "அந்த சிடி இருபது மருந்த மட்டும் விட்டுட்டோம். நீங்கதானே இல்லன்னு அனுப்பினீங்க?"

"திரும்பப் பாத்துச் சொல்றேன் சிஸ்டர். அதுவரைக்கும் ஏத்த வேண்டாம். தப்பு என்னோடது."

அடுத்து டாக்டர் அறை.

"இந்த வருஷத்துல இது ரெண்டாவது தப்பு" என்றார் அவர்.

"தெரியும் டாக்டர்."

குளிர்பெட்டியில் ஒரு குழாய்க்கு மட்டும் இரத்தம் மிச்சமிருந்தது. இந்தமுறை போனை மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள். சொட்டு குழாய்க்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்த்தினாள். சாயம் பிடிக்கும்வரை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் முதலில் அந்தக் கைப்பிடி நல்ல செல்கள் வலப்பக்கம் தாவி மின்னின. மேகமும் கூடவே வந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அப்போ முதல் ரிப்போர்ட்டே சரிதானே?" என்றார் டாக்டர். "இதுக்கா இத்தன ஓட்டம்?"

"சரிதான் டாக்டர். ஆனா காலைல கையெழுத்துப் போடறப்ப அது நமக்குத் தெரியாது."

அவர் புதுத் தாளில் கையெழுத்திட்டார்.

வார்டில் அதே நர்ஸ்தான் எடுத்தார். "அப்போ ஒண்ணும் மாறலையா?"

"இல்ல சிஸ்டர். நீங்க ஏத்தலாம். அந்த மருந்து மட்டும் வேண்டாம்."

பிறகு தவறுகள் எழுதும் பதிவேட்டைத் திறந்தாள். தேதி, குழாய் எண், சொட்டு விடப்படவில்லை. கடைசிக் கட்டம்: நோயாளிக்கு ஏற்பட்ட பாதிப்பு. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. கிடைத்திருக்கக்கூடிய ஒரு மருந்து அந்த அம்மாவுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அது இவள் கையால் வந்ததல்ல. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.