புளிப் படத்தின் மூலை

போன செவ்வாய்க்கிழமை என்ன பார்த்தேன் என்று ஒருநாள் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சிறிய நூலகத்தில் எனக்கு வேலை. எந்தப் புத்தகம் எந்தத் தேதியில் வெளியே போனது, எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும் என்று நாள் முழுக்க முத்திரை குத்துகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு முழுச் செவ்வாய்க்கிழமை காணாமல் போயிருந்தது. பேருந்தில் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஊரார் நாட்குறிப்புகளையெல்லாம் ஓய்வு நேரத்தில் படித்துத் தீர்த்தவளுக்கு அது வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து தினம் ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேன். கைபேசியில்தான். ஒரே ஒரு படம். அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. அன்றைக்கு என் கண்ணில் பட்டதாக இருந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் தேதி, கிழமை, தமிழ் மாதம், நேரம், இடம், கூடவே ஒரு வரி. எங்கள் பக்கத்தில் இன்னும் பாதிப் பேர் தையையும் மாசியையும் வைத்துத்தான் காலத்தைப் பேசுகிறார்கள் என்பதால் தமிழ் மாதம்.

முதல் மாதம் நான்தான் படங்களைத் தேடி அலைந்தேன். பிறகு அவை தானாகவே வந்து எதிரில் நின்றன. பாலக்கோட்டுப் பேருந்தில் காலித் தக்காளிப் பெட்டியைச் சன்னலோரம் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே வந்த ஒரு பெரியவர். கேட்டதற்கு, பெட்டி நின்றால் எல்லார் காலிலும் இடிக்கும், நான் நின்றால் யாருக்கு இடிக்கிறது என்றார். கரும்பு டிராக்டர் வேகத்தடையில் ஏறி இறங்கும் இடத்தில், விழப்போகும் ஒரு கழிக்காக வாலாட்டிக் காத்திருந்த ஆடு. தூறலில் நூலகத்துப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தன் தலையை நனைய விட்ட ஒரு மாணவி. அன்று மாலை நோட்டில் ஒரு வரிக்குப் பதில் நான்கு வரி எழுதினேன்.

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. அவரிடம் ஒரு கிடேரி இருந்தது. பிறந்த அன்றிலிருந்து கையில் வைத்து வளர்த்தது. தெருவிலேயே ஒரே மாடு. நான் கைபேசியோடு சுவரையோ சாக்கடை மூடியையோ பார்த்து நின்றால் போதும், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“ஏங் கண்ணு, அந்தச் செவுத்துக்குக் கல்யாணமா, இப்புடிப் போட்டோ புடிக்கற? எம் பொண்ணு இங்க லச்சணமா நிக்கறா, அவள ஒரு நாளாச்சும் புடிக்கறியா?”

நிற்கச் சொல்லி எடுப்பது என் வழக்கமில்லை, தானாக அமையட்டும் என்பேன். மாட்டை வேறு எப்படி நிற்கச் சொல்வார்கள் என்பார்.

அந்தக் கிடேரிக்குச் சினை பிடித்தது. தலைச்சன் ஈற்று. அக்கா பருத்திக்கொட்டையை ஆட்டி ஊற்றுவதும், வயிற்றில் காது வைத்துக் கேட்பதுமாக மாதங்கள் போயின. மார்கழி பிறந்த மறுநாள், புதன்கிழமை, நான் வேலை முடிந்து வந்தபோது அவர் வீட்டு வாசலில் புருஷன் பெண்சாதி இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாடு இன்னும் ஈனவில்லை. நாள் கடந்துவிட்டது, கன்று உள்ளேயே இறந்துபோகும் என்பது அக்காவின் வீட்டுக்காரரான அண்ணனின் பயம். தை மாதக் கடைசியில்தான் சினை பிடிக்க ஊசி போட்டது, முந்நூறு நாள் தாண்டிவிட்டது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். மாசியோ பங்குனியோ, தை இல்லை என்றார் அக்கா. மதியம் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் சித்தேரி மலையில் முகாமில் இருந்தார். காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் சொன்னதை அக்கா எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

“முந்நூறு தாண்டுனது நெசம்னா ஊசி போட்டு ஈன வச்சிரலாம்ங்கறாரு. நாளாவாம போட்டா கன்னு தங்காதாம். எனக்குத் தேதி வேணும், தேதி இல்லாம கை வைக்க மாட்டேன்னுட்டாரு.”

எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன். அதுதான் சண்டையே. அக்கா எழுதித்தான் வைத்திருந்தார். தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டரில், சினை ஊசி போட்ட அன்றைய தாளிலேயே, கொட்டை எழுத்தில். மறுநாள் காலையில் அண்ணன் எழுந்து, பல் விளக்கி, சாமி கும்பிட்டு, வழக்கம்போல அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். கிழித்த தாள்களில் அவர்கள் வீட்டில் கோயில் திருநீறு மடிப்பார்கள், அடுப்புப் பற்ற வைப்பார்கள். ஊசி போட வந்தவர் கொடுத்த சீட்டையும், காலண்டரில்தான் எழுதியாகிவிட்டதே என்று அக்காவே தூக்கிப் போட்டிருந்தார். ஊசி போட்டவரோ மாற்றலாகிப் போய்விட்டார். பழைய எண் எடுக்கவில்லை.

“எழுதறவ நாளைக்குத் தாள்ல எழுதி இருக்கலாமில்ல?” என்றார் அண்ணன்.

“நாளைக்குத் தாள நாளான்னைக்கிக் கிழிக்க மாட்டீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நோட்டை எடுத்து வந்தேன். தை முதல் பங்குனி வரை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தக்காளிப் பெட்டி இருந்தது, ஆடு இருந்தது. மாடு ஒரு வரியில்கூட இல்லை. எத்தனை முறை கேட்டும் எடுக்காதது நான்தானே. தினமும் கவனிக்கிறேன் என்று மனசுக்குள் இருந்த பெருமை அந்த வாசலில் கொஞ்சம் இறங்கியது.

நோட்டை விடு, போனைக் காட்டு என்றார் அக்கா.

அவர் என் படங்களைப் பார்த்த விதம் வேறு. நான் எதற்காக எடுத்தேனோ அதை அவர் பார்க்கவே இல்லை. மதில் மேல் ஓணான் இருந்த படத்தில் மதிலுக்குப் பின்னால் கொடியில் காயும் தன் பச்சைச் சேலையைப் பார்த்தார். மழைத் தண்ணீரில் தெரிந்த வானத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் தெரிந்த கோழியைக் காட்டி, இது அப்போது உயிரோடு இருந்ததா என்றார். படத்துக்குப் படம் இரண்டு விரலால் விரித்து மூலை மூலையாக மேய்ந்தார். அண்ணன் மட்டும் எழுந்து தொழுவத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மாசி மாதத்துப் படம் ஒன்று வந்தது. அவர்கள் வீட்டுப் புளியைப் பழைய கல்யாண பேனரை விரித்து வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை முழுதாகப் புளிக்கு அடியில். பெண்ணின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் மட்டும் வெளியே தெரிந்தன. எடுத்தபோது எனக்கு மிகவும் பிடித்த படம். அக்காவின் விரல் மணப்பெண்ணைத் தாண்டி மேல்மூலைக்குப் போய் நின்றது. மங்கலாக வேப்பமரம். மரத்தில் நெருக்கிக் கட்டிய மாட்டின் பின்பக்கம். அதன் அருகே ஒரு பைக். பின்சீட்டில் வெள்ளிக் குடம்போல ஏதோ பளபளத்தது.

“இந்தா, கேனு,” என்றார் அக்கா. சினை ஊசிக் குச்சிகளைக் குளிரில் வைத்துக் கொண்டுவரும் கேன் அது. “ஊசிக்காரரு வண்டி. நம்ம வூட்டுக்கு அவரு வந்ததே ஒருக்காதான். மரத்துல கட்டுனதும் அன்னைக்கி ஒருநாள்தான்.”

அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மாடு தன்னுடையதுதான் என்று வாலைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

நோட்டில் தேதி இருந்தது. மாசிக் கடைசி வாரம், வியாழக்கிழமை, காலை எட்டேகால், ‘புளிக்குள் ஒரு கல்யாணம்.’ மூவரும் சேர்ந்து எண்ணினோம். நான் மாதம் மாதமாக, அக்கா வாரம் வாரமாக, அண்ணன் எங்கள் இருவரையும் நம்பாமல் தனியாக. மூன்று கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன. இருநூற்று எழுபத்தொன்பது. கேட்டதும் டாக்டர் போனிலேயே சிரித்தார். இன்னும் பத்து நாள் போனாலும் பயமில்லை, ஊசிப் பேச்சே வேண்டாம், மடி இறங்குவதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா அந்தப் போனை வைத்துவிட்டு நேராகத் தொழுவத்துக்குப் போய், மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அதை நான் எடுக்கவில்லை.

ஆனாலும் அண்ணனுக்குப் பயம் தெளியவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலைக்குப் போகாமல் தொழுவத்து வாசலிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். படத்தில் இருப்பது வேறு யாருடைய வண்டியாகவும் இருக்கலாமே என்று ஒருமுறை என்னிடம் மதில்மேல் குனிந்து மெதுவாகக் கேட்டார். அக்கா காதில் விழாதபடி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, கோலம் போட்டு முடித்த நேரம். அக்கா கூப்பிட்டார். போனபோது முன்னங்கால் இரண்டும் குளம்போடு வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் மூக்கு. இழுக்காதீர்கள், அதுவாக முக்கட்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். மாடு படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. ஒரு பெரிய மூச்சோடு கன்று வைக்கோலில் வழுக்கி விழுந்தது. ஆறு ஐம்பது.

அது அசையவில்லை. அக்கா விரலை விட்டு மூக்கையும் வாயையும் வழித்தார். வைக்கோலைத் திரித்து மூக்கில் நுழைத்தார். கன்று தும்மியது. பிறகு தலையை ஆட்டிக் காதை உதறியது. சளி என் முகத்தில் தெறித்தது. அக்கா அதன் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பிலேயே கிடேரிக் கன்று என்று தெரிந்துவிட்டது.

அண்ணனைக் காணவில்லை. அவர் வெளியே குழாயடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது.

“ஊசி போடணும்னவரு எங்க போனாரு?” என்றார் அக்கா உரக்க. “கழுவுனது போதும், வாங்க. வந்து உங்க பேத்திக்கு ஒடம்பத் தொடச்சி வுடுங்க.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நன்றாகப் பிழிந்து, உதறி, எங்களைப் பார்க்காமலே வந்து கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தார்.